ரஷ்ய மொழியைப் பட்டியலிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். ஒரு வீடியோ கேம் எந்தெந்த மொழிகளில் வெளிவர வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலர், 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, ரஷ்ய மொழியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். பல இடங்களில் அது சத்தமில்லாமல் நடந்தது. முதல் பாகத்தில் இருந்த மொழி இரண்டாம் பாகத்தில் இருக்காது. ஏன் என்று ஒரு வரி விளக்கமும் இருக்காது. நான் உங்களிடம் கேட்பது இதைத்தான்: ரஷ்யாவில் விற்க மனம் ஒப்பவில்லை என்றால் விற்காதீர்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்த மொழியை எடுத்துவிடாதீர்கள்.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2018-ல் மருத்துவம் படிக்க உக்ரைனில் உள்ள ஹார்கிவ் நகரத்துக்குப் போனேன். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் போன வழிதான். போர் தொடங்கியபோது உக்ரைனில் ஏறக்குறைய 20,000 இந்திய மாணவர்கள் இருந்தோம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் போனதும் ஆங்கிலம் வாசலோடு நின்றுவிடும். கட்டிலில் படுத்திருக்கிற பாட்டியிடம் "ஷ்தோ பலீத்?" என்று கேட்கப் பழகியிருந்தேன். என்ன வலிக்கிறது என்று அர்த்தம். கேட்பது சுலபம். பாட்டி பதிலுக்குத் தன் பேரன் கதையிலிருந்து ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி புரியாது.

அந்த மீதிப் பாதியை எனக்குக் கற்றுக் கொடுத்தவை கேம்கள். விடுதியில் என்னோடு இருந்த உக்ரைன் நண்பன் 'தி விட்சர் 3' விளையாடுவான். போலந்துக்காரர்கள் எடுத்த கேம், ஆனால் அதன் ரஷ்ய டப்பிங்கை அங்கே எல்லோரும் மெச்சுவார்கள். குரலை ரஷ்யனில் வைத்து, எழுத்தை ஆங்கிலத்தில் வைக்க அதில் வழி இருந்தது. ராத்திரி முழுக்க அப்படி உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கிராமத்துக் கிழவி எப்படிப் பேசுவாள், அரண்மனைக்காரன் எப்படிப் பேசுவான், சாராயக்கடையில் எப்படித் திட்டுவார்கள் என்பதெல்லாம் என் காதில் ஏறியது அங்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியில் எண்ணுக்கு ஏற்ற மாதிரி பெயர்ச்சொல்லின் வால் மாறும். ஒரு தோட்டா என்றால் 'அதீன் பத்ரோன்'. இரண்டு என்றால் 'த்வா பத்ரோனா'. ஐந்து என்றால் 'ப்யாத் பத்ரோனவ்'. இருபதும் 'பத்ரோனவ்'தான், ஆனால் இருபத்தொன்று மறுபடி 'பத்ரோன்' ஆகிவிடும். எங்கள் ஆசிரியை இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிப்போட்டும் என் மண்டையில் ஏறவில்லை. ஒரு சுடும் கேமில் தரையில் கிடக்கிற தோட்டாக்களை எடுக்கும்போது திரையின் மூலையில் அந்த வால் சரியாக மாறி மாறி வந்தது. ஒரே வாரத்தில் பழகிவிட்டது. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து, ஒன்றுக்கு இது, இரண்டிலிருந்து நான்கு வரை இது, ஐந்துக்கு மேல் இது என்று மூன்று வடிவமும் எழுதிக் கொடுத்து, நிரல் எழுதுகிறவரோடு மல்லுக்கட்டி அதைச் சரிசெய்ய வைத்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் தெரியாது. நன்றி மட்டும் பாக்கி இருக்கிறது.

இனி ஹார்கிவுக்கு வருகிறேன். ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நான் போன காலத்தில் வீட்டிலும் சந்தையிலும் பேருந்திலும் பெரும்பாலும் ரஷ்யன்தான். 2021 ஜனவரியிலிருந்து கடைகளில் முதலில் உக்ரைன் மொழியில்தான் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. கல்லாவில் இருக்கிற அம்மா உக்ரைன் மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு, நான் ரஷ்யனில் தடுமாறுவதைப் பார்த்து அவரும் ரஷ்யனுக்கு மாறிக்கொள்வார். அதில் யாருக்கும் கோபம் இருந்ததாக நான் பார்க்கவில்லை.

2022 பிப்ரவரி 24 விடியற்காலையில் முதல் குண்டுச் சத்தம் கேட்டது. அன்று முதல் நகரத்தின் மெட்ரோ நிலையங்களே வீடுகள் ஆயின. நடைமேடையில் போர்வை விரித்து ஆயிரக்கணக்கானோர் படுத்திருந்தோம். என் பக்கத்தில் ஒரு தாயும் பத்து வயதுப் பையனும். பையன் கையில் விரிசல் விட்ட ஒரு டேப்லெட். இணையம் இல்லாமலே ஓடுகிற ஏதோ ஒரு கேம். ஒரு நரி காட்டுக்குள் ஓடும், விழும், மறுபடி எழும். சார்ஜ் போய்விடும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணைத்து வைப்பான். திரும்ப ஆன் செய்யும்போது திரை நடுவில் ஒரே ஒரு பொத்தான் வரும்: 'ப்ரதோல்ஜித்'. தொடர்க என்று அர்த்தம். என்னிடம் இருந்த பவர் பேங்கைக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக அந்த நரியின் கதை முழுவதையும் எனக்குச் சொன்னான், ரஷ்யனில். அவன் அம்மா போனில் யாரிடமோ புதினைத் திட்டிக்கொண்டிருந்தார், அதுவும் ரஷ்யனில். மேலே குண்டு போடுகிறவனின் மொழியும் அதுதான், கீழே பையனைப் போர்வைக்குள் இழுத்துப் பொத்திக்கொள்கிற தாயின் மொழியும் அதுதான்.

மார்ச் 2-ஆம் தேதி இந்தியத் தூதரகம் உடனே நகரத்தை விட்டு வெளியேறச் சொன்னது, வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போகச் சொன்னது. நடந்தோம். அந்தப் பையனும் அவன் அம்மாவும் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரஷ்ய மொழி எதிரியின் மொழி, அதனால் எடுத்துவிட்டோம் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த டேப்லெட் ஞாபகம் வருகிறது.

எதிரியின் மொழி என்கிறார்களே, அந்த அரசு அந்த மொழியை என்ன செய்தது என்று பாருங்கள். படையெடுத்த அந்த நாட்களிலேயே, போர் என்ற சொல்லை எழுதக் கூடாது என்று ரஷ்யாவின் தகவல் கண்காணிப்பு அமைப்பு அங்குள்ள ஊடகங்களுக்கு உத்தரவு போட்டது. 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அடுத்த வாரமே, படையைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டமும் வந்தது. 'வய்னா', அதாவது போர் என்ற ஒரு எளிய ரஷ்யச் சொல்லை ரஷ்யர்களின் வாயிலிருந்தே பிடுங்கினார்கள். மாஸ்கோவின் மெட்ரோ சுரங்கங்களில் நடக்கும் 'மெட்ரோ' கேம் வரிசையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உக்ரைன் தலைநகர் கியவில் தொடங்கப்பட்ட நிறுவனம் எடுத்தது. மூலக் கதை மாஸ்கோ எழுத்தாளர் திமித்ரி குளுகோவ்ஸ்கியுடையது. போரை எதிர்த்துப் பேசியதற்காக 2023 ஆகஸ்டில் மாஸ்கோ நீதிமன்றம் அவர் இல்லாமலே விசாரித்து அவருக்கு 8 ஆண்டு சிறை விதித்தது. அவர் எழுதுவதும் ரஷ்யனில்தான். அந்த கேமை ரஷ்யக் குரலில் விளையாடினால்தான் அந்தச் சுரங்கத்தின் இருட்டு மனசில் இறங்கும் என்று ரஷ்யன் தெரியாதவர்களே சொல்கிறார்கள். இந்த மொழியை அந்த அரசோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால், குளுகோவ்ஸ்கியையும் ஹார்கிவ் மெட்ரோ நிலையத்தில் பார்த்த அந்தத் தாயையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். ரஷ்யன் பேசுகிறவர்கள் எல்லோரும் தன் ஆட்கள் என்று கிரெம்ளின் சொல்லிக்கொள்கிறது. அதை நீங்களும் ஒப்புக்கொள்வது போலத்தான் ஆகிறது.

சரி, உக்ரைன் நிறுவனம் ஒன்று எடுத்த 'ஸ்டாக்கர் 2' கேம் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கியவைச் சேர்ந்த ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்ட் 2007-ல் முதல் ஸ்டாக்கரை வெளியிட்டபோது அதில் ரஷ்யன் இருந்தது. 2024 நவம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் ரஷ்யக் குரலும் இல்லை, எழுத்தும் இல்லை. தலைப்பில் இருந்த செர்னோபில்கூட உக்ரைன் உச்சரிப்புக்கு மாறி சோர்னோபில் ஆனது. போருக்கு நடுவில், ஊழியர்களில் ஒரு பகுதியினர் செக் நாட்டின் பிராகாவுக்கு இடம்பெயர்ந்து போய் முடித்த கேம் அது. அவர்களுடைய பழைய ஸ்டாக்கர் கேம் ஒன்றில் வேலை செய்த வொலோதிமிர் யெஜோவ் 2022 டிசம்பரில் பாக்முத் அருகே சண்டையில் இறந்தார். அவர்களிடம் போய், ரஷ்யனைச் சேருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்கவும் மாட்டேன். 2023-ல் ஒரு கூட்டம் அவர்களுடைய கோப்புகளைத் திருடி வைத்துக்கொண்டு, ரஷ்யனைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவோம் என்று மிரட்டியது. மேலோட்டமாகப் பார்த்தால் அவர்கள் கேட்டதும் நான் கேட்பதும் ஒன்றுபோலத் தெரியலாம். அது ரவுடித்தனம். அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உக்ரைன்காரர்களின் காயம் இந்தப் போரோடு ஆரம்பித்ததும் இல்லை. 1863-ல் ஜார் அரசின் அமைச்சர் வலூயெவ், உக்ரைன் மொழியில் பாடநூலும் சமயநூலும் அச்சிடுவதைத் தடுத்துச் சுற்றறிக்கை விட்டார். 1876-ல் எம்ஸ் ஆணை வந்தது. வெளியே அச்சிட்ட உக்ரைன் புத்தகத்தை உள்ளே கொண்டுவருவதும் தடை, மேடையில் அந்த மொழியில் நாடகம் போடுவதும் தடை. அதன் நிழல் கேம் உலகத்திலும் விழுந்தது. அவர்களுக்குத்தான் ரஷ்யன் தெரியுமே, தனியாக உக்ரைன் மொழி எதற்கு என்று எத்தனை ஆண்டுகள் விட்டுவிட்டீர்கள்! ரஷ்யனில் இல்லாத நான்கு எழுத்துகள் உக்ரைனில் உண்டு. என் நண்பனின் பெயரிலேயே அவற்றில் ஒன்று இருந்தது. ரஷ்ய எழுத்துரு மட்டும் இருந்த சில கேம்களில் அவன் பெயரைத் தட்டச்சு செய்தால் அந்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வரும். தன் பெயருக்கு நடுவில் ஓட்டை விழுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் அவன்.

இது ஒரு தமிழனுக்குப் புரியாத வலி இல்லை. 1965-ல் எங்கள் மாணவர்கள் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பாரம்பரியத்தில் வந்தவன் ரஷ்யனுக்காகப் பேசலாமா என்று என் நண்பர்களே கேட்டார்கள். ஒரு மொழியை இன்னொருவன் மேல் திணிப்பதை எதிர்ப்பது வேறு, அந்த மொழியில் படித்து வளர்ந்த பிள்ளை கையிலிருந்து அதைப் பிடுங்குவது வேறு. திணிப்பை எதிர்த்தவர்கள் யாரும் இந்தி பேசுகிறவன் தன் வீட்டில் இந்தி பேசக் கூடாது என்று சொன்னதில்லையே.

அந்த ஓட்டைக்கு மருந்து உக்ரைன் மொழியைச் சேர்ப்பதுதான். 'பால்டர்ஸ் கேட் 3' அதைச் செய்தது; அதன் எழுத்து மொழிப் பட்டியலில் ரஷ்யனும் இருக்கிறது, உக்ரைனும் இருக்கிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2022 மார்ச் 3 அன்று ரஷ்யாவிலும் பெலாரசிலும் தன் கேம்களின் விற்பனையை நிறுத்தியது. ஆனால் 'சைபர்பங்க் 2077'-லிருந்து ரஷ்ய எழுத்தை எடுக்கவில்லை. 2023 செப்டம்பரில் உக்ரைன் மொழியையும் சேர்த்தது. அந்த உக்ரைன் மொழிபெயர்ப்பில் ரஷ்யர்களை இடித்துரைக்கும் வரிகள் சில இருந்ததாகப் பேச்சு எழுந்து, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மாற்றுவதாகச் சொன்னது. அந்த வரிகளை எழுதியவரின் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கேமில் வருகிற ஒரு பாத்திரத்தின் வாயில் மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சை வைக்கக் கூடாது. விற்பனை நின்றது, மொழி நிற்கவில்லை: நான் கேட்கும் பாதை இதுதான். இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

உங்களில் பலர் சொல்லும் காரணம் பணம். ரஷ்யாவில் விற்றால் வரி அந்த அரசுக்குப் போகும், அது குண்டாக மாறும் என்கிறீர்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், சோனி போன்றவை அங்கே விற்பனையை நிறுத்தியபோது நானும் சரி என்றேன். ஆனால் மொழிக் கோப்பு வரி கட்டுவதில்லை. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் இருப்பவர், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் டாலரில் பணம் கட்டுகிறார், கஜகஸ்தானின் அல்மாட்டியில் இருப்பவர் அந்நாட்டுப் பணமான தெங்கேயில், லாட்வியாவின் ரீகாவில் இருப்பவர் யூரோவில். இவர்களிடமிருந்து ஒரு ரூபிள் மாஸ்கோவுக்குப் போகாது. ஸ்டீம் மாதாமாதம் வெளியிடும் மொழிக் கணக்கில் ஆங்கிலம், எளிமையாக்கப்பட்ட சீனம், அதற்கு அடுத்து வழக்கமாக நிற்பது ரஷ்யன். கஜகஸ்தான், கிர்கிஸ்தான், இஸ்ரேல், லாட்வியா, எஸ்தோனியா, ஜெர்மனி என்று அந்தக் கணக்கில் ரஷ்யாவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரஷ்யாவுக்குள் இருக்கிறவனைத் தண்டிக்கிறோம் என்று நினைக்கிறீர்களா? அவன் எப்படியாவது திருட்டுப் பிரதி எடுத்துக்கொள்வான், ரசிகர்கள் செய்த மொழிபெயர்ப்பை ஒட்டிக்கொள்வான். முறையாகக் காசு கொடுத்து வாங்கிய பிஷ்கெக் பிள்ளைதான் புரியாத ஆங்கிலத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். மீதிப் படிப்பை முடிக்க நான் பிஷ்கெக்குக்குப் போனேன். ஒரு கிர்கிஸ் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பாட்டி கிர்கிஸ் பேசுவார். பக்கத்து வீட்டில் உய்குர் இனத்தவர், எதிர் வீட்டில் துங்கன் இனத்தவர். தெருவுக்குப் பொது மொழி ரஷ்யன். அந்த நாட்டு அரசமைப்பிலேயே கிர்கிஸ் அரச மொழி, ரஷ்யன் அலுவல் மொழி. வீட்டின் கடைக்குட்டி படிப்பது ரஷ்யப் பள்ளியில். என்னைப் 'பாய்கே' என்று கூப்பிடுவாள், அண்ணா மாதிரி. கிர்கிஸ் மொழியில் கேம் வந்தால் முதலில் துள்ளிக் குதிப்பவள் அவள்தான். அப்படி ஒன்றை அவள் இதுவரை பார்த்ததில்லை. என் தாய்மொழியையும் நான் விளையாடிய கேம்களின் மொழிப் பட்டியலில் பார்த்ததில்லை, ஆகவே அந்த ஏக்கம் எனக்கும் தெரியும். கிர்கிஸ் வருகிறவரைக்கும் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க ஓடிவருகிற மொழி ரஷ்யன்.

சென்ற ஆண்டு அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு கேம் வாங்கி அனுப்பினேன். முதல் பாகத்தை நாங்கள் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ரஷ்யனில் முடித்திருந்தோம். இரண்டாம் பாகம் வந்ததும் ஆசையாக வாங்கிவிட்டேன், மொழிப் பட்டியலைப் பார்க்கவே இல்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். போர் நடக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில் இருக்கிற நிறுவனம், அவ்வளவு போதும். அவள் செட்டிங்ஸைத் திறந்து, பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு எனக்குப் படம் பிடித்து அனுப்பினாள். கீழே ஒரு கேள்வி: "பாய்கே, நம்ம மொழியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?" போரைப் பற்றி என்ன சொல்லி அவளுக்குப் புரிய வைப்பது? அவள் நாடு இந்தப் போரில் ஒரு குண்டும் போடவில்லை.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவுக் காரியம் இல்லை. டப்பிங் வேண்டாம் என்றால் விடுங்கள். நடிகர்கள், ஒப்பந்தம், ஸ்டுடியோ என்று அதில் நூறு சிக்கல் உண்டு. எழுத்து மட்டும் போதும். முன்பே மொழிபெயர்த்து வைத்த கேமிலிருந்து அப்டேட் என்ற பெயரில் ரஷ்யனை உருவி எடுக்காதீர்கள். ரஷ்யனுக்கு ஒரு பைசா ஒதுக்கினால் உக்ரைன் மொழிக்கும் ஒதுக்குங்கள், அந்த நான்கு எழுத்துகளும் எழுத்துருவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள். ரஷ்ய மொழிபெயர்ப்பு வேலையை ரஷ்யாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குக் கொடுங்கள். போர் பிடிக்காமல் நாட்டை விட்டு வந்தவர்கள் ஜார்ஜியாவின் திபிலிசியிலும் ஆர்மீனியாவின் யெரெவானிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அப்புறம், எடுத்தே தீருவோம் என்று முடிவு செய்தால், முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு சிறுமி பிறந்தநாள் அன்று பட்டியலைத் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி வைக்காதீர்கள்.

இப்போது நான் ஊரில் இருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி டியூட்டி இல்லாவிட்டால் அவள் வீடியோ காலில் வருவாள். கேமராவைத் திரை பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள். ஆங்கில வரி ஒவ்வொன்றாக வரும், நான் அதை ரஷ்யனில் சொல்வேன், அவள் தலையாட்டிவிட்டு அடுத்ததை அழுத்துவாள். வால்களில் நான் தப்பு விட்டால் உடனே திருத்துவாள். நாலு மாதத்தில் மூன்றாம் அத்தியாயம் வரைக்கும் வந்திருக்கிறோம். மொத்தம் பதினொரு அத்தியாயம்.

இப்படிக்கு,
ஹார்கிவிலும் பிஷ்கெக்கிலும் படித்த திருநெல்வேலி மருத்துவன்